மதுரையில் கவுன்சலிங் தேடுகிற திருநம்பிகளுக்கு

டொரன்டோவில் எனக்கென்று ஒரு கவுன்சலர் இருக்கிறார். அனுபவசாலி, என்னை நானாகவே ஏற்றுக்கொண்டவர். ஆனாலும் வீட்டுப் பேச்சு வந்தால் பாதி நேரம் விளக்கம் சொல்வதிலேயே போய்விடும். தங்கச்சி கல்யாணத்துக்குத் தாய்மாமன் முறை செய்ய வராமல் போனால் அம்மாவுக்கு அது எத்தனை பெரிய அடி என்று ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். அதனால் இந்த முறை லீவுக்கு மதுரை போனபோது தமிழில் பேச ஒருவரைக் கண்டுபிடித்தே தீருவது என்று இருந்தேன். எனக்காக மட்டுமில்லை. நான் திருநம்பி, அதாவது பெண்ணென்று வளர்க்கப்பட்டாலும் ஆண்தான் என்று சொன்னதிலிருந்து அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அதைப் பற்றிப் பேச ஒரு ஆள்கூடக் கிடையாது.

இதே தேடலில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: டாக்டரைத் தேடும் முன் நம் ஆட்களைத் தேடுங்கள், அதாவது திருநம்பி, திருநங்கை என்று எல்லாரையும் சேர்த்த திருநர் சமூகத்தை. வழி அவர்களுக்குத்தான் தெரியும்.

எங்கள் வீட்டில் நடந்தது நேர்மாறு. உறவில் யாரோ சொன்னார்கள் என்று பேர்போன ஒரு தனியார் மனநல மருத்துவரிடம் முதலில் அழைத்துப் போனார்கள். என்னிடம் ரெண்டு கேள்வி கேட்டார். பிறகு என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அம்மாவிடம், "ஹார்மோன் ஊசியை நிறுத்திட்டு ஒரு வருஷம் மாத்திரை சாப்பிடட்டும். வெளிநாட்டுப் பழக்கம்மா, மாறிடும்" என்றிருக்கிறார். வெளியே வந்த அம்மா முகத்தில் நம்பிக்கை தெரிந்தது. அந்த டாக்டரின் பேச்சைவிட எனக்கு அதுதான் வலித்தது.

மாற்றுகிறேன், குணப்படுத்துகிறேன் என்று வைத்தியம் பார்ப்பது இங்கே தடை செய்யப்பட்ட விஷயம். வீட்டில் எதிர்ப்பு வந்து மதுரையிலிருந்து சென்னைக்குப் போன இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவு அது. அடுத்த ஆண்டு தேசிய மருத்துவ ஆணையமும் இப்படிப்பட்ட வைத்தியம் மருத்துவர்களின் தொழில் ஒழுக்கத்துக்கு மாறானது என்று மாநில மருத்துவக் கவுன்சில்களுக்கு எழுதியது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாட்டுப் பட்டியலான ஐசிடி 11 நடைமுறைக்கு வந்ததும் 2022இல்தான். அதில் நம் நிலை மனநோய்ப் பட்டியலிலேயே இல்லை. இதையெல்லாம் அப்பாவிடம் வரிசையாகச் சொன்னேன். ரிட்டயர்டு வாத்தியார், சட்டம் சொன்னால் கேட்பார் என்று நினைத்தேன். அவரை அசைத்தது சட்டமில்லை. தீர்ப்பு எழுதும் முன் அந்த நீதிபதி, இந்த விஷயத்தில் தனக்குப் புரிதல் போதாது என்று வெளிப்படையாகச் சொல்லி ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார் என்றேன். அப்பா பேப்பரை மடித்து வைத்தார். "ஜட்ஜே போய்க் கத்துக்கிட்டாரா?" என்றார். மறுநாள் காலையில் அவராகவே, "அப்ப நாமளும் யாரையாவது பாப்போம்" என்றார்.

யாரை என்பதற்கு வழி சொன்னது ஒரு திருநங்கை அக்கா. தமிழ்நாட்டில் திருநங்கையர் ஏற்கெனவே போட்டுவைத்த பாதையில்தான் நாம் நடக்கிறோம். திருநருக்கென்று இந்தியாவிலேயே முதல் நலவாரியம் 2008இல் இங்கே வந்தது அவர்கள் போராடியதால். வீட்டை விட்டு வந்தால் ஜமாத் என்கிற அவர்களின் சமூகக் குடும்பம் இருக்கிறது, குரு இருக்கிறார், அம்மா என்று கூப்பிட ஒருவர் இருக்கிறார். அதற்குள்ளும் கஷ்டங்கள் உண்டு என்று அந்த அக்காவே சொன்னார். திருநம்பிகளுக்கு அப்படி ஒரு அமைப்பு கிடையாது. பெண் பிள்ளை என்று வளர்க்கப்பட்டவர்கள், வீட்டை விட்டு வெளியே வருவதே பாடு. வந்தாலும் ஆண்களோடு ஆணாகக் கலந்து வெளித் தெரியாமல் இருந்துவிடுகிறார்கள். அதனால் ஒருவரை ஒருவர் கண்டுபிடிப்பதே முதல் வேலையாகிவிடுகிறது. அந்த அக்கா எனக்கு ஒரு தம்பியின் நம்பர் தந்தார். அந்தத் தம்பி மூலம் திருநம்பிகளின் ஆதரவுக் குழு ஒன்றின் கூட்டம் தெரிந்தது. கூட்டத்தில்தான் கவுன்சலர்கள் பெயர் கிடைத்தது.

சென்னையில் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் சுலபம். 1998 முதல் சகோதரன் என்ற அமைப்பு இருக்கிறது. 2003இல் நண்பர்கள் குழுவாக ஆரம்பித்த ஓரினம் இருக்கிறது. நம்மைப் புரிந்து நடத்துகிற மனநல ஆலோசகர்கள் பட்டியலை ஓரினம் குழுவினர் தொகுத்து வைத்திருக்கிறார்கள். இப்போது பலர் வீடியோவிலும் பார்ப்பதால் மதுரை, நெல்லை என்று எங்கிருந்தாலும் அது உதவும்.

பெயர்கள் கிடைத்த பிறகு உடனே அப்பாயின்ட்மென்ட் வாங்கவில்லை. ஒவ்வொருவரிடமும் போனில் ஐந்து நிமிஷம் பேசினேன். திருநர் யாருக்காவது இதற்கு முன் கவுன்சலிங் கொடுத்திருக்கிறீர்களா, நான் சொல்வதை என் சம்மதம் இல்லாமல் வீட்டாரிடம் சொல்வீர்களா, எதற்காக வருகிறேன் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். "வாங்க, பேசி மனசை மாத்திடலாம்" என்றவரிடம் நன்றி சொல்லி வைத்துவிட்டேன். இன்னொரு அம்மா, "எனக்கு இதுல அனுபவம் கம்மிப்பா, தெரிஞ்சவங்களைச் சொல்றேன்" என்று வேறொருவரிடம் அனுப்பினார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. ரகசியம் காப்பது அவர்கள் நமக்குச் செய்யும் சலுகை இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 நமக்குத் தரும் உரிமை அது.

படிப்பையும் கேளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போட்டுக்கொள்ள ஆர்சிஐ என்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு வேண்டும், பதிவு எண் கேட்டால் தர வேண்டும். கவுன்சலர் என்ற பலகையை யார் வேண்டுமானாலும் மாட்டலாம். நான் கடைசியில் சேர்ந்தவர், மாரிவாலா ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற மனநல அமைப்பு, திருநர், ஓரின ஈர்ப்புள்ளவர் போன்ற பால் புதுமையினருக்காகக் கவுன்சலர்களுக்கு நடத்தும் பயிற்சியை முடித்தவர். ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் வாங்கினார். முடியாதவர்களுக்குக் குறைத்துக்கொள்கிறார், அதை நாம்தான் வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

அம்மாவைக் கூட்டிப்போன அன்று நான் எதுவும் பேசவில்லை. அம்மா முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். ரொம்ப நேரம் கழித்து, "இவன் வயித்துல இருக்கும்போது நான் ஏதாவது செஞ்சதாலயா மேடம்?" என்று கேட்டார். இத்தனை வருஷமாக அதை மனசுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறார். கவுன்சலர் அவசரப்படவில்லை. "இல்லம்மா. நீங்க செஞ்சதால வந்ததும் இல்ல, செய்யாம விட்டதால வந்ததும் இல்ல" என்றார். அம்மா அழுதார். எனக்கு இன்னொன்றும் கேட்டது. அம்மா "இவன்" என்று சொன்னார். அவர் அதைக் கவனித்தாரா என்று கேட்கவில்லை.

அந்த ஆதரவுக் குழு எங்கே கூடுகிறது என்று எழுதக்கூடாது என்பது அங்குள்ள விதி. மாடியில் ஒரு அறை, பிளாஸ்டிக் நாற்காலிகள். உள்ளே நுழைந்ததும் இன்றைக்கு உங்களை எந்தப் பெயரில் கூப்பிட வேண்டும் என்று கேட்கிறார்கள். காலேஜ் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி ஒரு பெயரைச் சொன்னான். அன்று முழுக்க எல்லாரும் அவனை அந்தப் பெயராலேயே திரும்பத் திரும்பக் கூப்பிட்டார்கள், தேவையில்லாதபோதும். மார்பை அழுத்திக் கட்டும் பைண்டரை ராத்திரியில் போட்டுத் தூங்கக்கூடாது, ஹாஸ்டல் வார்டனிடம் எப்படிப் பேசுவது, வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தால் யாரைக் கூப்பிடுவது என்று பேச்சு ஓடியது. இதில் பாதி எந்த கவுன்சலருக்கும் தெரியாது. இன்னொரு திருநம்பியின் அம்மாவும் வந்திருந்தார். எங்கம்மாவும் அவரும் நம்பர் மாற்றிக்கொண்டார்கள். நான் திரும்பி வந்த பிறகும் ரெண்டு பேரும் பேசிக்கொள்கிறார்கள், என்னைப் பற்றியே இல்லாமல்கூட.

பணம் இல்லையென்றால் அரசு மருத்துவமனை உண்டு. மதுரை ராஜாஜி மருத்துவமனையிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் திருநருக்கான தனி கிளினிக் இருக்கிறது. மனநலம், ஹார்மோன், அறுவை சிகிச்சை மருத்துவர்கள் ஒரே இடத்தில் பார்க்கிறார்கள். எந்தக் கிழமை என்று விசாரித்துக்கொண்டு போங்கள். நடுராத்திரியில் யாரிடமாவது பேசியே ஆக வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசலாம். வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனுக்கான மருந்துச் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.

அந்தக் குழுவுக்குப் பெரிய செலவொன்றும் இல்லை: அறை வாடகை, கிராமத்திலிருந்து வருகிறவர்களுக்கு பஸ் காசு. வெளிநாட்டில் இருக்கும் நம்மால் அதைத் தாங்க முடியும். ஆனால் அனுப்பும் முன் ஒரு விஷயம். இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. கனடா குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் அனுப்பினால் வரும். வாங்குகிற அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ அரசின் முன் அனுமதியோ இல்லையென்றால் சிக்கல் அவர்களுக்குத்தான். முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.