கருத்தடை மாத்திரைக்கு ஆப்பில் சந்தா கட்டுகிறவர்கள் கவனிக்க: என் ஆறு மாதப் பணம் போச்சு

ஆப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மருந்தை வீட்டுக்கே அனுப்புகிற எத்தனையோ ஆப்களில் ஒன்று. மாதாமாதம் கருத்தடை மாத்திரை அனுப்புகிறோம் என்று சந்தா வாங்குகிறவர்கள். என்னிடம் ஆறு மாதப் பணத்தை மொத்தமாக முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, ஒரே ஒரு மாத மருந்தை மட்டும் ஒழுங்காகக் கொடுத்தார்கள். மீதியைக் கேட்டால் இன்று காலை வரை ஒரே பதில்தான்: "சந்தாத் தொகை திரும்பத் தரப்படாது." மாத்திரையை எப்படிச் சரியாகச் சாப்பிடுவது என்பதையும் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

இவர்களை நம்பவைத்தது இவர்கள் கேட்ட கேள்விகள். ரத்த அழுத்தம் எவ்வளவு, புகைபிடிப்பீர்களா, காலில் ரத்தம் கட்டியதுண்டா, தலைவலிக்கு முன்னால் கண்ணில் மின்னல் மாதிரி ஏதாவது தெரியுமா என்று வரிசையாகக் கேட்டார்கள். இதெல்லாம் சும்மா கேட்கிற கேள்வி இல்லை. ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை சிலருக்கு ரத்தக்கட்டி, பக்கவாத ஆபத்தைக் கூட்டும். என் டாக்டரும் முதன்முதலில் இதையேதான் விசாரித்தார். சரி, விஷயம் தெரிந்தவர்கள் என்று நினைத்தேன். அப்புறம் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொண்ட ஒருவர் சாட்டில் வந்து, "கையில் இருக்கும் அட்டை முடியும் முன்பே அடுத்த அட்டை வந்துவிடும், நாள் தவறுமோ என்ற கவலையே வேண்டாம்" என்றார். அந்த ஒரு வரிக்காகத்தான் ஆறு மாதப் பணத்தையும் கட்டினேன்.

ஏன் அந்த வரி அவ்வளவு பெரிது என்று சொல்கிறேன். நான் சாப்பிடுவது ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டோஜன் என்ற இரண்டு ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை. 21 நாள் தினமும் ஒன்று, பிறகு 7 நாள் இடைவெளி, எட்டாம் நாள் புது அட்டை. இடைவெளி நாட்களிலும் பாதுகாப்பு உண்டு, ஆனால் எட்டாம் நாள் கட்டாயம் தொடங்கினால்தான். மாத்திரை நின்றதும் சினைப்பை மெல்ல விழித்துக்கொண்டு முட்டையை வளர்க்க ஆரம்பிக்கும். ஏழு நாளுக்குள் மாத்திரை திரும்ப உள்ளே போனால் அடங்கிவிடும். இடைவெளி நீண்டால் முட்டை வெளியே வந்துவிடலாம். அட்டையின் நடுவில் ஒன்றை மறப்பதைவிட இந்த இடைவெளி நீள்வதுதான் மோசம். பிசகாமல் சாப்பிட்டால் ஓராண்டில் நூறு பெண்களில் ஒருவருக்கும் குறைவாகவே கரு தங்கும். மறந்தும் தள்ளிப்போட்டும் சாப்பிடும் சாதாரண வழக்கத்தில் அது ஏழு பேர் வரை போகிறது.

இரண்டாம் மாத அட்டை வரவில்லை. இடைவெளி தொடங்கும்போதே கேட்டேன். "வழியில் இருக்கிறது." ஏழாம் நாள் கேட்டேன். "இன்றிரவுக்குள் கண்டிப்பாக." எட்டாம் நாளும் அதே "இன்றிரவுக்குள்". கடையில் வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இன்றிரவு வரும், இன்றிரவு வரும் என்று ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுத்து உட்காரவைத்தது அவர்கள்தான். நாள் தவறினால் என்ன ஆகும் என்று சாட்டில் எழுதியதற்கு, "ஓரிரு நாள் தாமதம்தானே மேடம், வந்ததும் தொடங்குங்கள், ஒன்றும் ஆகாது" என்று பதில். கூடவே ஒரு சிரிப்பு பொம்மை வேறு!

ஒருவழியாக, இரண்டு நாளுக்கு மேல் தாமதமாகப் பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால் அது என் மாத்திரையே இல்லை. 28 மாத்திரை, எல்லாம் ஒரே நிறம். அட்டையின் பின்னால் டெசோஜெஸ்ட்ரல் என்று மட்டும் போட்டிருந்தது. ஈஸ்ட்ரோஜன் இல்லாத, புரோஜெஸ்டோஜன் மட்டும் உள்ள மாத்திரை. கேட்டால் "ஸ்டாக் இல்லை, அதனால் மாற்று மருந்து. வேலை ஒன்றுதான். எப்போதும் போல 21 நாள் சாப்பிட்டு 7 நாள் விடுங்கள்" என்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் எனக்குத் தலைக்கேறியது. அந்த வகை மாத்திரையில் இடைவெளியே கிடையாது! 28 நாளும் மருந்துதான், அட்டை முடிந்த மறுநாளே அடுத்தது. டெசோஜெஸ்ட்ரல் 12 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனாலே தவறிய கணக்கு. இதே வகையில் சில பழைய மாத்திரைகளுக்கு 3 மணி நேரம்தான் சலுகை. அதைப் போய் ஏழு நாள் விடச் சொன்னால் எப்படி? பெட்டிக்குள் இருந்த தாளிலேயே தெளிவாக அச்சடித்திருக்கிறது. சாட்டில் பேசியவர் அதைக்கூடப் படிக்கவில்லை.

என் டாக்டரிடம் போனேன். கடந்த சில நாட்களில் உறவு இருந்ததா என்று கேட்டார், இருந்தது என்றேன். அவசரக் கருத்தடை மாத்திரை கொடுத்து, பழைய மாத்திரையையே கடையில் வாங்கி உடனே தொடங்கச் சொன்னார். ஏழு நாளுக்கு ஆணுறையும் கட்டாயம், மூன்று வாரம் கழித்துக் கர்ப்பப் பரிசோதனை. அதற்கு முன்னால் செய்தால் முடிவை நம்ப முடியாதாம். அந்த மூன்று வாரத்தைத்தான் இப்போது ஓட்டிக்கொண்டிருக்கிறேன். இதற்கெல்லாம் ஆன செலவு தனி, ஆறு மாதப் பணம் போனது தனி.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு முதலில் "மருந்தைத் திரும்ப எடுப்பதில்லை" என்றார்கள். நான் மருந்தைத் திருப்பவில்லை, இன்னும் அனுப்பாத மாதங்களின் பணத்தைக் கேட்கிறேன் என்றேன். "மேலதிகாரிக்கு அனுப்பியிருக்கிறோம்." மறுநாள் பார்த்தால் புகார் "தீர்க்கப்பட்டது" என்று தானாக மூடிக்கிடக்கிறது. திரும்பத் திறந்ததற்கு அடுத்த ஆர்டரில் தள்ளுபடிக் கூப்பன்! ஆறு மாதப் பணத்தை விழுங்கிவிட்டுக் கூப்பன்.

விளக்கமாக எழுதுகிறேன் என்று சொன்னேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. அவசரத்துக்குச் சிலது மட்டும். இவை என்னுடையது போன்ற கூட்டு மாத்திரைக்கு. ஒன்று மறந்தால் நினைவு வந்ததும் போடுங்கள், ஒரே நாளில் இரண்டு ஆனாலும் பரவாயில்லை. இரண்டோ அதற்கு மேலோ தவறினால் கடைசியாக விட்டதை மட்டும் உடனே போட்டு, ஏழு நாள் ஆணுறை. அது அட்டையின் கடைசி வாரமாக இருந்தால் இடைவெளி விடாமல் அடுத்த அட்டைக்குப் போங்கள். முதல் வாரமாக இருந்து உறவும் நடந்திருந்தால் அன்றே டாக்டரைக் கேளுங்கள், அவசர மாத்திரைக்கு நேரக் கெடு உண்டு. போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் இன்னொன்று. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமாசெபின், ஃபெனிடாய்ன் எடுப்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், இவை மாத்திரையின் பலத்தைக் குறைக்கும். வழக்கமான ஆன்டிபயாடிக் அப்படிச் செய்யாது.

எப்போதும் ஒரு அட்டை கூடுதலாக வீட்டில் இருக்கட்டும். பெட்டி வந்ததும் மருந்தின் பெயரைப் படியுங்கள், நிறத்தைப் பார்த்து நம்பாதீர்கள். சாட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், என்னுடையதில் பாதி இப்போது காணவில்லை. ஆப்பில் சந்தாவை ரத்து செய்தாலும் கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் அனுமதி அப்படியே இருக்கலாம், அதை வங்கியில் சொல்லித் தனியாக நிறுத்த வேண்டும். நான் இப்போது அதற்குத்தான் கிளம்புகிறேன்.