பெயர் தேடும் செயலியில் எங்கள் கோதை

தம்பி மகளுக்குத் தொட்டில் போட நாள் குறித்ததும், அத்தை என்ற முறையில் பெயர் பார்க்கும் வேலை எனக்கு வந்தது. மூன்று வாரம் இந்தச் செயலியும் கையுமாக இருந்தேன். இரண்டு நட்சத்திரம்தான் தர முடிகிறது.

குழந்தை பூரம். நட்சத்திரத்தைத் தட்டியதும் மோ, டா, டி, டூ என்று வரிசையாகப் பெயர்கள் வந்தன. டகரத்தில் தமிழ்ச்சொல் தொடங்காது. அப்புறம் அங்கே தமிழ்ப்பெயருக்கு எங்கே போவது? அம்மா முதல் நாளே சொன்ன பெயர் கோதை. ஆடிப் பூரத்தில் பிறந்த ஆண்டாளின் பெயர். பூரத்துக்கான பட்டியலில் அதுவே இல்லை.

சரி என்று நேரே தேடினேன். 'கோதை: பசுவைத் தருபவள்' என்று வந்தது. அது கோதா என்ற வடசொல்லைப் பிரித்துச் சொல்லும் பொருள். தமிழில் கோதை என்றால் பூமாலை. பெண்ணின் கூந்தலுக்கும் அந்தச் சொல் உண்டு. திருப்பாவையின் முப்பதாவது பாசுரத்தில் ஆண்டாள் தன்னைக் கோதை என்று சொல்லி, முப்பது பாட்டையும் தமிழ்மாலை என்கிறாள். மாலை என்று பேர் வைத்துக்கொண்டவள் மாலை கட்டித் தருகிறாள்! எத்தனையோ மார்கழி பாடியும் இது எனக்கு இப்போதுதான் உறைத்தது.

'பெண்பால் மட்டும்' என்ற குறிப்பும் தப்பு. சேர மன்னர்களுக்கும் கோதை என்று பெயர் இருந்தது. கரூரில் கிடைத்த வெள்ளிக்காசில் 'மாக்கோதை' என்று பொறித்திருக்கிறது. 'புகழ்பெற்றவர்கள்' என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. நூற்றுக்கும் மேல் நாவல் எழுதி, 1925 முதல் ஜகன்மோகினி பத்திரிகையை நடத்திய வை.மு.கோதைநாயகி அம்மாளையாவது போட்டிருக்க வேண்டாமா?

199 ரூபாய் கட்டி எண்கணிதப் பகுதியைத் திறந்தேன். கோதை ஆகாது, 'கோதிஷா' என்று மாற்றுங்கள் என்றது. அதற்கு என்ன பொருள் என்று அதிலேயே தேடினேன், ஒன்றும் வரவில்லை. அந்தப் பகுதிக்குப் பணம் கட்டாதீர்கள்.

இணையம் இல்லாமலும் ஓடுகிறது, விளம்பரத் தொல்லை கிடையாது. அதற்குத்தான் இரண்டு நட்சத்திரம். பொருள் பார்க்கச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. நான் கடைசியில் அதைப் பார்த்துத்தான் தம்பியிடம் பேசினேன். ஞாயிற்றுக்கிழமை குழந்தையின் காதருகே வெற்றிலையை மறைவாகப் பிடித்து, மூன்று முறை கோதை என்று சொன்னேன்.