கூழ் வத்தலா ஜவ்வரிசி வத்தலா?
பங்குனி வெயில் ஏறிட்டா மொட்டை மாடில வத்தல் போட்டே ஆகணும் எனக்கு. முதல் தடவை போடுறவங்க ஜவ்வரிசியே எடுங்க, ராத்திரி ஊறவச்சு காலைல கண்ணாடி மாதிரி ஆகுற வரை வேகவச்சு உப்பு, அரைச்ச பச்சமிளகா, பெருங்காயம் போட்டு பிளாஸ்டிக் ஷீட்ல கரண்டியால ஊத்துனா போதும், சேலம் பக்கம் மரவள்ளிக்கிழங்குல செய்யுற ஜவ்வரிசி ஈஸியா கிடைக்கும். அரிசி கூழ் அப்படி இல்ல, கட்டி தட்டாம கை வலிக்க கிண்டணும், சூடு ஆறுறதுக்குள்ள அச்சுல பிழியணும், ஆனா பொரிச்சா அந்த மொறுமொறுப்பும் வாசனையும் ஜவ்வரிசில வராது, ரசம் சாதத்துக்கு எனக்கு கூழ் வத்தல்தான். ரெண்டுக்குமே உப்பு கம்மியா போடுங்க, காஞ்சா கரிக்கும்.