ஏலத்தோட்டத்தில் நான்கு ஆண்டுகள்: ஒரே மெமரி கார்டு, மூன்று கருவிகள்

கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாக மேலேறினால் வரும் வண்டன்மேட்டுப் பகுதியில், ஏலத்தோட்டம் ஒன்றின் மழையளவையும் மண் ஈரத்தையும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மெமரி கார்டில் பதியும் கருவியை நான்கு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். இஎஸ்பி32 என்ற சிறு கணினி போர்டில் இயங்கும் அக்கருவியின் கார்டை, தோட்ட அலுவலகத்து விண்டோஸ் கணினி, என் உபுண்டு மடிக்கணினி, கங்காணி அண்ணனின் ஆண்ட்ராய்டு கைப்பேசி ஆகிய மூன்றும் படித்தாக வேண்டும். கார்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் வடிவங்களில், லினக்ஸின் இஎக்ஸ்டி4 வடிவத்தை விண்டோஸ் நேரடியாகப் படிக்காது என்பதால், மூன்றும் படிக்கும் ஃபேட்32 வடிவத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

இரண்டாம் ஆண்டில் கார்டு பழுதானபோது கடையில் 64 ஜிபி கார்டுதான் கிடைத்தது. செருகியதும் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி கார்டுகள் எக்ஸ்ஃபேட் வடிவத்தில்தான் வருகின்றன. அதன் விவரக்குறிப்பு 2019இல் வெளியிடப்பட்டு, அதே ஆண்டில் லினக்ஸ் 5.4 பதிப்பிலும் ஆதரவு வந்துவிட்டபோதிலும், கருவியில் கார்டைப் படிக்கவும் எழுதவும் நான் பயன்படுத்தும் ஃபேட்எஃப்எஸ் என்ற நிரல் நூலகத்தில் எக்ஸ்ஃபேட் இயல்பாக அணைக்கப்பட்டே இருக்கிறது. உபுண்டுவில் ஃபேட்32 ஆக ஃபார்மட் செய்த பிறகே கார்டு வேலை செய்தது. ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு எங்களைத் தொடவேயில்லை. ஒரு பதிவுக்கு 60 பைட் வீதம் நாளுக்கு 144 பதிவுகள் என்றால் 9 கேபிகூட ஆவதில்லை.

உண்மையான இழப்பு மின்தடையால் வந்தது. ஐப்பசி இடிமழையில் மின்சாரம் போய்த் திரும்பிய மறுநாள், பதினொரு நாள் பதிவுகள் இருக்க வேண்டிய கோப்பின் அளவு 0 பைட் என்று காட்டியபோது மனம் உடைந்துபோனது. தரவு கார்டில் எழுதப்பட்டிருந்தாலும், கோப்பை மூடும்வரை அல்லது ஒத்திசைக்கும் (எழுதியதை உடனே கார்டில் உறுதிசெய்யும்) கட்டளையைத் தரும்வரை, கோப்புகளின் பெயரும் அளவும் இருக்கும் அடைவுப் பட்டியலில் அதன் அளவு புதுப்பிக்கப்படுவதில்லை. நானோ கோப்பைத் திறந்தே வைத்திருந்தேன். அன்று முதல் ஒவ்வொரு பதிவுக்குப் பின்னும் ஒத்திசைக்கிறேன், நாளுக்கு ஒரு கோப்பு வைக்கிறேன். மேலும் போர்டின் உள் ஃபிளாஷ் நினைவகத்தில், சிறு கருவிகளுக்கான லிட்டில்எஃப்எஸ் வடிவத்தில் முப்பது நாள் நகல் இருக்கிறது. புதியதை முழுமையாக எழுதி முடிக்கும்வரை அது பழையதைக் கைவிடுவதில்லை என்பதால், மின்சாரம் எந்த நொடியில் போனாலும் அது தாங்குகிறது. அதை வேறு எந்தக் கணினியிலும் செருகிப் படிக்க முடியாது. ஆகவே கருவியே கார்டுக்கு நகலெடுத்துத் தருகிறது.

கடிகார பேட்டரி தீர்ந்த ஒரு மாதத்தில், “தம்பி, எல்லாக் கோப்பும் 1980 ஜனவரின்னு காட்டுதே?” என்று கங்காணி அண்ணன் கேட்டார். ஃபேட் வடிவத்தின் காலக்கணக்கு அந்தத் தேதியிலிருந்தே தொடங்குகிறது. நேர மண்டலத்தையும் அது குறித்து வைப்பதில்லை. ஆகவே கோப்பின் தேதியை நான் நம்புவதில்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் தொடர் எண்ணையும் நேரத்தையும் எழுதிவிடுகிறேன்.

கார்டை எடுப்பதற்கு ஒரு பொத்தானும் வைத்திருக்கிறேன். அதை அழுத்தினால் கோப்பு மூடப்பட்டுப் பச்சை விளக்கு எரியும். கங்காணி அண்ணன் மழையில் நனைந்துகொண்டிருந்தாலும் அந்த விளக்கைப் பார்த்த பிறகுதான் கார்டை உருவுகிறார்.