செட்டிநாட்டு வீட்டுக்கு ஃபைபரா, டவரா?

கானாடுகாத்தானில் அப்பத்தா வீட்டு முகப்பில் நின்றால் போனில் நான்கு கோடு காட்டும். இரண்டாம் கட்டுக்குள் போனால் ஒன்றுகூட இருக்காது. செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்தக் கனத்த சுவர் வெயிலைப் போலவே சிக்னலையும் தடுத்துவிடுகிறது. ஃபைபர், அதாவது வீடுவரை கண்ணாடி இழைக் கம்பியில் வரும் இணையம் என்றால் இந்தத் தொல்லை இல்லை. வளவில் (நடு முற்றத்தில்) ஒரு வைஃபை பெட்டி, அடுத்த கட்டில் இன்னொன்று வைத்தால் போதும். ஆனால் ஆண்டில் பாதி நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு மாதாமாதம் பணம் கட்ட மனசு வராது.

டவர் வீட்டுக்கு வெளியே கைகொடுக்கும். கண்மாய்க்கரையில் ஆடு மேய்ப்பவருக்கு வேறு வழியும் கிடையாது. 5ஜி எப்படி இயங்க வேண்டும் என்று உலகுக்கே பொதுவாக வகுக்கும் தரம் உருவானபோது, கிராமங்களில் டவருக்கு டவர் சுமார் 1.7 கி.மீ. என்றே கணக்கு வைத்திருந்தார்கள். ஊருக்கு ஊர் பொட்டலாகக் கிடக்கும் நம் பக்கத்துக்கு அது கட்டுப்படியாகாது. இந்தியத் தரப்பு விடாமல் வாதாடியதால், டவர்கள் 6 கி.மீ. தள்ளி இருந்தாலும் 5ஜி வேலை செய்கிறதா என்ற சோதனையையும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017-இல் சேர்த்தது. ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்களின் உழைப்பு அதில் உண்டு. தரம் எழுதும் மேசையில் நம் ஆள் இருக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

அப்பத்தாவுக்கு ஃபைபர்தான் போட்டேன். இப்போது அடுப்படியிலிருந்தே வீடியோவில் பேசுகிறார்.