மாதுங்காவில் அம்மாவின் கிலோய் டப்பா

டொரொண்டோவிலிருந்து மூன்று வார லீவில் மாதுங்கா வந்த மறுநாளே, ஃப்ரிட்ஜ் மேல் அந்த டப்பாவைப் பார்த்தேன். சீந்தில் மாத்திரை. மும்பையில் கிலோய் என்றால்தான் தெரியும். கொரோனா சமயத்தில் பில்டிங் முழுக்கக் கஷாயம் காய்ச்சிக் குடித்தார்களே, அதன் தொடர்ச்சி. கசப்பு தாங்காமல் அம்மா மாத்திரைக்கு மாறியிருக்கிறாள். கூடவே சர்க்கரைக்கு கிளிமிபிரைடு. காலையில் கோலம் போட்டு நிமிர்ந்தால் தலை சுற்றுகிறதாம். வயசு என்று விட்டுவிட்டாள்.

தெருமுனை கெமிஸ்டைக் குறை சொல்ல மனசு வரவில்லை. போன் செய்த பத்தாவது நிமிஷம் பையன் மூன்று மாடி ஏறி வந்து மருந்தைத் தருகிறான். ஆனால், "சர்க்கரை மாத்திரையோடு இதைச் சாப்பிடலாமா?" என்று கேட்டதற்கு, "ஜடிபூட்டிதானே (மூலிகைதானே), ஒன்றும் ஆகாது" என்று இந்தியில் பதில் வந்தது. கனடாவில் இயற்கை மருந்துகளுக்கு அரசு தரும் 8 இலக்க என்பிஎன் எண்ணைத் தேடிப் பழகிய கண், டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். உணவுப் பொருட்களுக்கான அரசு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண் இருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில், மருந்தாகப் பயன்படுத்த அல்ல என்று ஆங்கிலத்தில். எதிர்ப்பு சக்திக்கு நல்ல மருந்து என்று அம்மாவிடம் விற்றது இதைத்தான்!

கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருக்கும் எங்கள் பழைய தமிழ் டாக்டரிடம் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். உள்ளே போனதும், "மாமி, வீட்ல இருக்கற எல்லா டப்பாவையும் பையில போட்டு எடுத்துண்டு வாங்கோன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?" என்றார். நான் ஓடிப்போய் எடுத்து வந்ததில் அம்மா வாயே திறக்காத இரண்டு சூரணங்களும் இருந்தன.

சீந்தில் சர்க்கரையைக் குறைக்கக்கூடும், கிளிமிபிரைடு இன்சுலினைச் சுரக்க வைத்துத் தானும் குறைக்கும், இரண்டும் சேர்ந்தால் அளவுக்கு மீறி இறங்கலாம் என்றார். ஈரல் விஷயமும் உண்டு. சீந்தில் சாப்பிட்ட 6 பேருக்கு ஈரல் பாதிப்பு என்று 2021-இல் மும்பை மருத்துவர்களே எழுதினார்கள். பாரம்பரிய மருத்துவத்தைக் கவனிக்கும் ஆயுஷ் அமைச்சகம் ஏற்கவில்லை, அது சீந்தில்தானா, அதைப் போன்ற வேறு கொடியா என்று கேட்டது. "அவா சண்டை போடட்டும். நீங்க நிறுத்துங்கோ. கண் மஞ்சளானாலோ யூரின் கறுத்துப் போனாலோ உடனே வாங்கோ." அடுத்த மாதக் கண்புரை ஆபரேஷனுக்கு முன், அங்கேயும் எல்லா டப்பாவையும் காட்டச் சொன்னார்.

லேப் சேவை பிரமாதம். காலை ஆறரைக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள், மதியம் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட். ஈரல் சரியாக இருந்தது, வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் 64, குறைவுதான். டாக்டர் கிளிமிபிரைடையும் பாதியாக்கினார். தலைசுற்றல் நின்றுவிட்டது, எதனால் நின்றது என்று அடித்துச் சொல்ல முடியாது.

மனைவி கொடுத்த பட்டியலில் அஸ்வகந்தா இரண்டு டப்பா இருந்தது. அவள் தைராய்டுக்கு மாத்திரை சாப்பிடுகிறவள். அஸ்வகந்தா தைராய்டு ஹார்மோனைக் கூட்டக்கூடும். வாங்கவில்லை. பெட்டியில் அந்த இடத்தை இரண்டு கிலோ காபிப்பொடி பிடித்துக்கொண்டது. அதற்கு இன்னும் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.