ஊசியை நிறுத்தினால் அடுத்தது என்ன? காரைக்குடி எலும்பு கிளினிக் அனுபவம்

நாலு ஸ்டார். நூறடி ரோட்டுப் பக்கம் இருக்கிற கிளினிக்.

எலும்பு மெலிவுக்கு (ஆஸ்டியோபோரோசிஸ்) மூன்று வருஷமாக ஆறு மாதத்துக்கொரு டெனோசுமாப் ஊசி, 60 மில்லிகிராம். முன்பு பார்த்த வேறு இடத்தில், "எலும்பு தேறிடுச்சு ஆச்சி, இனி ஊசி வேண்டாம்" என்று சும்மா அனுப்பிவிட்டார்கள். இங்கே டாக்டரம்மா முதலில் கேட்டதே கடைசி ஊசித் தேதியைத்தான். இதை நிறுத்தி வேறு மருந்து தொடராவிட்டால் சேர்ந்த எலும்பு மடமடவென்று கரையுமாம், முதுகெலும்பு நொறுங்கக்கூட வாய்ப்பாம். பகீரென்றது.

ஊசிக்குப் பதில் எலும்பு கரையாமல் காக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை, வாரமொன்று என்றால் வெறும் வயிற்றில் போட்டு அரை மணி நேரம் படுக்கக் கூடாது. எனக்கோ நெஞ்செரிச்சல். அதனால் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி என்று காட்டுவது), கால்சியம், வைட்டமின் டி பார்த்துவிட்டு, கடைசி ஊசி போட்டு ஆறாம் மாதம் முடிந்ததும் அதே வகை மருந்தான ஜோலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராம் டிரிப்ஸ். அரை மணி நேர வேலை. ராத்திரியே காய்ச்சல், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி. முன்னமே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. பாரசிட்டமாலும் கஞ்சியுமாக இரண்டு நாளில் சரியாயிற்று.

ஒரு ஸ்டார் ஏன் குறைத்தேன்? வாசலில் நாலு படி, கைப்பிடி கிடையாது. உள்ளே வழவழவென்று தரை. வீட்டு ஆத்தங்குடிக் கல்லிலேயே ஈரமென்றால் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறேன். எலும்பு பார்க்கிற இடத்தில் இப்படியா?